ஐந்தொகை போடலாம், வாருங்கள்: ஆண்டைத் திரும்பிப் பார்த்து அடுத்த ஆண்டுக்குத் தயாராக ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேஜை இழுப்பறையில் பதினோரு டைரிகள் கிடக்கின்றன. நகைக்கடை கொடுத்தது, வங்கி கொடுத்தது, மைத்துனரின் அலுவலகத்தில் மிஞ்சியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம். எதைத் திறந்தாலும் ஜனவரி 1 அன்று முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: அதிகாலையில் எழுவது, நடப்பது, சேமிப்பது, கோபத்தைக் குறைப்பது. ஜனவரி 9 வாக்கில் கையெழுத்து கிறுக்கலாகும். பிப்ரவரியிலிருந்து பால் கணக்கு. ஒரு டைரியில் மே மாதம் முழுக்க என் மகள் வரைந்த யானைகள். அந்தப் பதினொன்றில் உருப்படியான டைரி அதுதான்.

அப்பா டைரி எழுதியதில்லை. விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதினார். புத்தாண்டுச் சபதம் எடுத்ததாகவும் நினைவில்லை. ஆனால் கணக்கு முடிக்கிற சமயத்தில் ஒரு வாரம் அவர் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும். “ஐந்தொகை போடுறாங்க” என்பாள் அம்மா. குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதியது பேரேட்டில் ஆள்வாரியாகச் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வரவையும் பற்றையும் கூட்டி, இருப்பைக் கண்டு, பாக்கிப் பட்டியல் எடுக்க வேண்டும். பைசா உதைத்தால் மறுபடி முதலிலிருந்து. அது நேரான பிறகுதான் புதுக் கணக்கு. பழையதை முடிக்காமல் புதுப் பேரேட்டில் பிள்ளையார் சுழி போட மண்டி அண்ணாச்சி விடமாட்டார்.

பதினோரு வருடமாக நான் செய்தது அதைத்தான்: பழைய பேரேட்டைத் திறந்தே பார்க்காமல் புதுப் பேரேட்டில் பிள்ளையார் சுழி. இது உறைத்த பிறகு, ஆறு வருடமாக அப்பாவின் முறையை என் வீட்டு அளவுக்குச் சுருக்கிச் செய்து வருகிறேன். முதன்முறையாகச் செய்கிறவர்களுக்காக அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். மூன்று அமர்வுகள், மொத்தம் நாலு மணி நேரம் ஆகும்.

முதலில் நாளைக் குறியுங்கள்

டிசம்பர் 31 இரவு வேண்டவே வேண்டாம். வெளியே பட்டாசு, உள்ளே கேக், போனில் நூறு வாழ்த்து. அந்த உற்சாகத்தில் மனுஷன் எதற்கும் வாக்குக் கொடுப்பான்.

வேறு எந்த நாளும் பரவாயில்லை. வாரம், மாதம், ஆண்டு இவற்றின் தொடக்கத்திலும் பிறந்தநாளுக்குப் பிறகும் மக்கள் உடற்பயிற்சிக்கூடம் பக்கம் கூடுதலாகத் தலைகாட்டுகிறார்கள் என்று ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். புதுசாக ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் மனசு அதைத் தாண்டிப் பார்க்க விரும்புகிறது. நமக்குக் கோடுகளுக்குப் பஞ்சமா? ஜனவரி 1, தை 1, நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1, சித்திரை 1, ஆடிப்பெருக்கு, அவரவர் பிறந்த நாள். தமிழ்ப் புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்று 2008இல் ஒரு சட்டம் வந்தது, 2011இல் அதை மாற்ற இன்னொரு சட்டம் வந்தது. அந்த வழக்கில் நான் எந்தக் கட்சியும் இல்லை. ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

என் தேர்வு மார்கழிக் கடைசி வாரம். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி எப்படியும் எழுப்பிவிடும். போகிக்காகப் பரணைக் காலி செய்யும்போது தேடாத காகிதமெல்லாம் தானாகக் கைக்கு வரும். மூன்று நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒவ்வொரு நாள் இடைவெளி இருந்தால் நல்லது. முதல் அமர்வில் எழுதியது அந்த இடைவெளியில்தான் ஊறும்.

என்னென்ன எடுத்து வைப்பது

எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. டைரி வேண்டாம். தேதி அச்சிட்ட பக்கம் காலியாகக் கிடந்தால் அது நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். கோடு போட்ட நோட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இதற்கென்று செயலிகளும் இருக்கின்றன. போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளே அது எனக்கு நினைவூட்ட ஆரம்பித்தது, நான்காம் நாள் நீக்கிவிட்டேன்.

வங்கிக் கணக்கின் ஓராண்டு அறிக்கை, போனில் உள்ள படங்கள், ஆஸ்பத்திரிக் கோப்பு, சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர் ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். சிலிண்டர் மாற்றிய தேதி, வேலைக்காரம்மா வராத நாள், சீட்டுப் பணம் கட்டியது, மாத்திரை தீர்ந்தது என்று என் மனைவி ஓரத்தில் குறித்து வைப்பதை வைத்தே எங்கள் குடும்ப வரலாற்றை எழுதிவிடலாம்.

முதல் அமர்வு: நடந்ததைச் சேகரியுங்கள்

இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இருப்பதிலேயே முக்கியமான வேலை இதுதான், ஆளாளுக்கு விட்டுவிடுவதும் இதைத்தான்.

நோட்டில் பன்னிரண்டு பக்கங்கள், மாதத்துக்கு ஒன்று. ஜனவரியில் தொடங்கி முதலில் போன் படங்களைத் தள்ளிக்கொண்டே வாருங்கள், அடுத்து வங்கி அறிக்கை, அடுத்து மற்றவை. கண்ணில் படுவதை ஒற்றை வரியில் எழுதுங்கள். கருத்து வேண்டாம், சம்பவம் மட்டும். “மோசமான மாதம்” என்று எழுதினால் அடுத்த வருடம் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. “வண்டி மூன்று முறை மெக்கானிக்கிடம் போனது, அத்தை வீட்டில் பேச்சு முற்றியது, பத்து நாள் இருமல்” என்றால் தெரியும்.

இப்படி எழுதுவதற்கு நம் பக்கத்திலேயே ஓர் ஆசான் இருக்கிறார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளெக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துரை என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார், ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். அந்தக் காலத்தை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள். தன்னைத் திருத்திக்கொள்வது பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் அதை யார் படிப்பார்கள்?

ஏன் ஞாபகத்தை நம்பி எழுதக்கூடாது என்று கேட்கலாம். 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், வலியுள்ள மருத்துவச் சோதனைக்கு உட்பட்டவர்களை வைத்து ஒன்றைக் கண்டார். சோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அவர்கள் பின்னால் நினைத்துப் பார்த்த வலியில் அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. வலி உச்சத்துக்குப் போன கணமும் முடிவில் இருந்த வலியும்தான் தங்கின. ஆண்டுக்கும் இதே கதிதான் என்பது என் அனுபவம். இரண்டு வருடங்களுக்கு முன் நவம்பரில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. டிசம்பரில் யார் கேட்டிருந்தாலும், “சனியன் பிடித்த வருஷம்” என்றுதான் சொல்லியிருப்பேன். போனைத் தள்ளிப் பார்த்தால் பிப்ரவரியில் மகள் சைக்கிளில் இருந்து கையை விட்டுச் சிரிக்கிறாள். ஜூலையில் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒன்பது வருடம் கழித்துக் குற்றாலத்தில் ஒன்றாக நனைந்துகொண்டு நிற்கிறோம். குற்றாலம் போனதையே மறந்திருந்தேன்.

வங்கி அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள். படத்துக்குச் சிரித்து நிற்பதுபோல் அதற்கு நிற்க முடியாது. என் அறிக்கையில் தினமும் மாலை 5.40 வாக்கில் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு 30 ரூபாய் போயிருந்தது. ஜனவரியில் 30, பிப்ரவரியில் 30, ஆகஸ்ட் வரைக்கும் 30. செப்டம்பரிலிருந்து 15. டீ விலை குறைந்துவிட்டதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆகஸ்ட் 31 அன்று பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வு பெற்றார். அம்பத்தூரில் வீடு. “வாரம் ஒருதடவ பேசிக்குவோம் சார்” என்று சொல்லிப் பிரிந்தவர்கள் நாங்கள். நான்கு மாதத்தில் ஒருமுறைகூடப் பேசவில்லை.

இந்த ஒரு வரிக்காகவே முதல் அமர்வைச் செய்யலாம்.

இரண்டாம் அமர்வு: வரவு, பற்று, பாக்கி

ஒரு மணி நேரம். பன்னிரண்டு பக்கங்களையும் வாசித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் மூன்று பத்திகள் பிரியுங்கள்.

வரவில் வாழ்க்கைக்குள் வந்ததெல்லாம் அடங்கும்: புதிய ஆட்கள், கற்றுக்கொண்ட கைவேலை, குறைந்த சர்க்கரை அளவு, அடைத்த கடன். சின்னதென்று விடாதீர்கள். “இரசம் வைக்கக் கற்றேன்” என்பது ஒரு வருடம் என் வரவில் இருந்தது.

பற்றில் போனது: பணம், நேரம், தூக்கம், உறவு. எழுதும்போது எங்கே போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். “நேரம் வீணானது” என்றால் அப்பாவின் அண்ணாச்சி கணக்கைத் தூக்கி எறிந்துவிடுவார். “இரவு பத்திலிருந்து பன்னிரண்டரை வரை படுக்கையில் படுத்தபடி போனில் பிறர் சமைப்பதைப் பார்த்தேன்” என்றால் அது கணக்கு.

பாக்கி என்பது முடியாமல் நிற்பது. இந்தப் பத்திதான் நீளும், நீளட்டும். திருப்பித் தராத புத்தகம், துக்கம் கேட்கப் போகாத வீடு, போட வேண்டிய வாரிசு நியமனக் கையெழுத்து, எடுக்காத கண் பரிசோதனை, சொல்லாத மன்னிப்பு. பாக்கியில் இரண்டு வகை உண்டு என்பதை மண்டியில் பார்த்தேன். வசூலாகும் பாக்கி ஒன்று, வாராக் கடன் ஒன்று. எங்கோ கிராமத்தில் கடை வைத்திருந்த ஒருவர் நாலு வருடமாகத் தராத பாக்கியை அப்பா ஒவ்வொரு ஆண்டும் பட்டியலில் ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு வருடம் அண்ணாச்சி, “அத எழுதித் தள்ளிருங்க கணக்கப்பிள்ளை. வருஷா வருஷம் அவன் பேரப் பாத்துக் காலங்காத்தால வயிறு எரிய வேண்டாம்” என்றார். அப்பா அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுத்தார். நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் அதன்பின் அந்தப் பெயர் புதுப் பேரேட்டுக்கு வரவில்லை.

தொலைநிலைக் கல்வியில் நான் சேர்ந்த எம்.ஏ. அப்படிப்பட்டது. இரண்டு தாள் பாக்கி, பல வருடமாக. ஒவ்வொரு டைரியிலும் ஜனவரி 1இல் அது உண்டு. மூன்றாம் வருட ஐந்தொகையில் சிவப்புக் கோடு இழுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது என்பதை மறைக்கப்போவதில்லை. மறுநாள் அந்தப் புத்தகங்களை மூட்டை கட்டி, படிக்கிற பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன். அவன் அதில் தேறிவிட்டான்.

உங்கள் பட்டியலிலும் வாராக் கடன் இரண்டு மூன்றாவது இருக்கும். எழுதித் தள்ளும் துணிச்சல் இந்த அமர்வில் வந்துவிட்டால் அடுத்தது சுலபம்.

துக்க வருடமாக இருந்தால்

வீட்டில் ஒரு சாவு விழுந்த ஆண்டு என்றால் இரண்டாம் அமர்வைச் செய்ய வேண்டாம். முதல் அமர்வோடு நிறுத்துங்கள், அதையும் மெதுவாக. நம் வீடுகளில் அந்த ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடாமல் இருந்து, தலைத்திவசம் கொடுத்த பிறகுதான் மறுபடி பலகாரச் சட்டி அடுப்பேறும். அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கிற மனநிலை வரும்போது வரும்.

மற்றவர்களும் மார்க் போட வேண்டாம். பத்துக்கு எத்தனை என்று ஆண்டுக்கு மதிப்பெண் கொடுக்கச் சொல்லும் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பட்டது போதாதா?

மூன்றாம் அமர்வு: சங்கல்பம் சொல்வதுபோல் எழுதுங்கள்

புத்தாண்டுச் சபதமே வீண் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல். ஜான் நார்கிராஸும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சபதம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் அதில் நின்றிருந்தார்கள். மாற வேண்டும் என்று விரும்பியும் சபதம் எடுக்காதவர்களில் நின்றவர்கள் 4 சதவீதம். ஆக, சபதத்தில் குற்றமில்லை, சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது.

புதுமனை புகுவிழாவில் புரோகிதர் சங்கல்பம் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அதில் இடம் வரும்: எந்தத் தீவு, எந்த நாடு, மேரு மலைக்கு எந்தப் பக்கம். பிறகு காலம்: அறுபது ஆண்டுகளில் எந்தப் பெயருடைய ஆண்டு, எந்த அயனம், எந்த ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். இத்தனையும் ஆன பிறகுதான் இன்னார் இன்ன காரியத்தைச் செய்யப்போகிறேன் என்று வரும். சிறு வயதில் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது, இந்த மனிதர் ஏன் இப்படி நீட்டுகிறார் என்று எரிச்சலாக இருக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த நீட்டலில் விஷயம் இருப்பது புரிந்தது. ‘இதைச் செய்ய வேண்டும்’ என்று மட்டும் நினைப்பவரைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் அதைச் செய்து முடிக்க வாய்ப்பு அதிகம் என்கிறார் அவர். நேரமும் இடமும் குறிப்பதை நாம் புரோகிதரிடம் விட்டுவிட்டு, “நல்லபடியா இருக்கணும்” என்பதை மட்டும் நமக்கு வைத்துக்கொண்டோம்.

எனவே ஒவ்வொரு தீர்மானத்தையும் சங்கல்ப வடிவத்தில் எழுதுங்கள். “உடம்பைக் கவனிக்க வேண்டும்” என்பதை அடித்துவிட்டு, “திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணிக்கு, பால் பாக்கெட்டை அடுப்படியில் வைத்த கையோடு ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்புவேன்” என்று எழுதலாம். “நிறைய வாசிக்க வேண்டும்” என்பது, “இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, பிரம்பு நாற்காலியில் பத்துப் பக்கம்” என்று ஆகட்டும். போன ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கி இன்னும் உறை பிரிக்காதவை முதலில். “சேமிக்க வேண்டும்” என்பது எல்லாவற்றிலும் சுலபம்: சம்பளம் ஏறிய மறுநாள் தொடர் வைப்புக்குத் தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ஒரே நாளில் முடித்துவிட்டு மறந்துவிடக்கூடிய தீர்மானங்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்றை நிறுத்துவதாக எழுதும்போது அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரவு பத்து மணிக்குப் போனைக் கீழே வைத்த கை சும்மா இருக்காது.

எத்தனை எழுதலாம்? மூன்று. அதில் ஒன்று பாக்கிப் பத்தியிலிருந்து வரவேண்டும் என்பது என் நிபந்தனை. பழைய கணக்கோடு ஒட்டாத தீர்மானம் பெரும்பாலும் வேறு யாரோ ஒருவரின் ஆசையாகத்தான் இருக்கும்.

முதல் அளவைக்கு ‘லாபம்’

மண்டியில் படியால் அளக்கும்போது முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அடுத்ததுதான் இரண்டு. அந்த வழக்கத்தை நோட்டிலும் வைத்துக்கொண்டேன். மூன்றில் முதலாவது, தை முதல் வாரத்துக்குள் நிச்சயம் முடியக்கூடியதாக இருக்கட்டும். கண் பரிசோதனை, திருப்பித் தர வேண்டிய புத்தகம், ஒரு தொலைபேசி அழைப்பு. எடுத்த எடுப்பிலேயே ஒன்று நிறைவேறிவிட்டால் மற்ற இரண்டுக்கும் முகம் தெளிந்துவிடும்.

யாரிடம் சொல்வது

ஒரே ஒருவரிடம். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டால் நாற்பது பேர் கட்டை விரல் காட்டுவார்கள், பிப்ரவரியில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நான் மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். மூன்றையும் படித்துவிட்டு, “எல்லாம் உங்களப் பத்தியே இருக்கேங்க. நம்ம பாத்ரூம் குழாய் சொட்டுதே, அது எந்த மாசத்துல வருது?” என்றாள். குழாய் மூன்றாம் இடத்துக்கு வந்தது. கித்தார் கற்கும் திட்டம் வெளியே போனது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை, அக்கம்பக்கத்தாருக்கு லாபமே.

குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் தீர்மானத்தை நாம் எழுதக்கூடாது. ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, இந்த வருடத்தில் பிடித்த மூன்றை வரையச் சொன்னால் போதும். யானை வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈபி ரீடிங் அன்று நோட்டைத் திறங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். வருடத்துக்கு ஆறு முறை. நாம் மறந்தாலும் ரீடிங் எடுப்பவர் மறப்பதில்லை. இதைவிட நல்ல நினைவூட்டல் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டணம் கட்டிய அன்று இரவு கால் மணி நேரம் நோட்டோடு உட்காருங்கள். மூன்று சங்கல்பங்களையும் வாசித்து, நடந்ததா, நடக்கவில்லை என்றால் எங்கே தட்டுகிறது, நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அதற்குமேல் ஆராய வேண்டாம். எனக்குக் காலை நடை மழைக்காலத்தில் தட்டியது. ரீடிங் இரவில் அதை மொட்டை மாடிக்கு மாற்றினேன். ரீடிங் எடுக்க ஆள் வராத ஊரில் இருப்பவர்கள் வாடகை கொடுக்கும் நாளை வைத்துக்கொள்ளலாம்.

இடையில் விட்டுப்போனால்

போகும். பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், முகம் மாற்றிக்கொண்ட தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்பது போகப்போக உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி தலைமையில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வில், பழக்கம் படிய ஆன காலம் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது. நம் வைத்தியர்கள் ஒரு மண்டலம், 48 நாள் மருந்து சாப்பிடச் சொன்னதைக் கேட்டு, அது என்ன அத்தனை நாள் என்று அலுத்துக்கொண்டவர்கள் யோசிக்கலாம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் நாம் தவறிய அந்த ஒரு நாளைக் காரணம் காட்டித்தான் வருடத்தையே கைவிடுகிறோம். ஜனவரி 9இல் என் கையெழுத்து கிறுக்கலானதற்கு அதுவே காரணம். மண்டியில் ஒரு நாள் கடையடைப்பு என்றால் குறிப்பேட்டில் அன்றைக்கு எழுதாமல் மறுநாள் தொடர்வார்கள். அதற்காகப் புதுப் பேரேடு வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

போகிக்கு ஒரு குறிப்பு

எழுதித் தள்ளியவற்றைத் தனித் தாளில் எழுதிப் போகித் தீயில் போடுவது சிலருக்குப் பிடிக்கும். போடுங்கள், காகிதம் ஒன்றுதானே. அதோடு பழைய பாய், டயர், பிளாஸ்டிக் வாளி என்று சேர்க்காதீர்கள். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன.

நோட்டை மட்டும் எரிக்காமல் வையுங்கள். அடுத்த மார்கழியில் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்.

டீக்கடைக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாக்கிப் பத்தியில் எழுதி, ‘லாபம்’ என்று முதலிடத்தில் வைத்தேன்: தை முதல் சனிக்கிழமை, மாலை 5 மணி, அம்பத்தூர். நண்பர் வீட்டு முக்கில் ஒரு கடை. அவர்தான் பணம் கொடுப்பேன் என்று மல்லுக்கட்டினார். அறிக்கையில் வர வேண்டுமே என்பதற்காக நானே போனை நீட்டினேன். 30 ரூபாய்.